கோட்டோடு ஏறிய எடை

சோப்புத்தூள் கம்பெனியில் அவளை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை மேசைத் தராசின் முன்னால்தான். மெஷின் குத்துமதிப்பாக நிரப்பித் தள்ளும் பைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பாள். குறைந்தால் ஒரு கரண்டி போடுவாள், கூடினால் ஒரு கரண்டி எடுப்பாள், பக்கத்து மேசைக்குத் தள்ளுவாள். பக்கத்து மேசையில் சீல் அக்கா. பையின் வாயைச் சூடு வைத்து ஒட்டுகிற வேலை என்பதால் அந்தப் பெயர். கேட்பதற்கு எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் தெரியும், முதுகு எப்படி விட்டுப் போகிறதென்று.

வேலை தொடங்கும் முன் தராசு ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று இழுப்பறையில் பழைய இரும்பு எடைக்கற்கள் கிடந்தன. அதோடு, காலிப் பையின் எடையை மறக்காமல் கழிக்க வேண்டும். பையையும் சேர்த்து எடை காட்டுவது திருட்டு என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளும் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு சிட்டிகைகூட யாரையும் ஏமாற்றியதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் நீங்கள் அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

இனிக் குழந்தை இல்லை என்று அவளும் கணவரும் கைகழுவிவிட்ட வயதில் அவள் உண்டானாள். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். மதியத்துக்கு மேல்தான் அவருக்கு வேலை என்பதால் சமையல் அவர் பொறுப்பு. அதிகம் பேசத் தெரியாத மனுஷர். விஷயத்தைச் சொன்ன மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்து பார்த்தால், கிரீஸ் போகாத நகத்தோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய சந்தோஷம் அப்படித்தான் வெளியே வரும்.

அதிலிருந்து தினமும் ஒரு பெரிய டப்பா. சோறு, பருப்பு, கீரை, மேலே ஒரு முட்டை. மூடியை அழுத்தி மூட வேண்டியிருக்கும், அவ்வளவு அடைத்து வைப்பார். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு, ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று. சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே. சாப்பிட வேண்டிய வாய் வேறொருத்தியுடையது அல்லவா?

அவளால் முடியவில்லை. அதுதான் விஷயம். மசக்கை எல்லோருக்கும் வருகிறது, சில மாதத்தில் போய்விடுகிறது. இவளுக்குப் போகவில்லை. கம்பெனியில் காற்று முழுக்க சோப்புத்தூள். மூக்கில், தொண்டையில், இமை மயிரில்கூட வெள்ளையாகப் படிந்திருக்கும். இத்தனை வருஷமாக அதை அவள் கண்டுகொண்டதே இல்லை. இப்போது டப்பாவைத் திறந்தால் சோறு சோப்பாக மணத்தது, முட்டை சோப்பாக மணத்தது. ஒரு கவளம் உள்ளே போனால் இரண்டு கவளம் வெளியே வந்தது. வீட்டுக்குப் போனால் அலுப்பில் படுக்கத் தோன்றுமே தவிர, பசி என்கிற ஒன்றையே மறந்துவிட்டாள்.

மிச்சச் சோற்றோடு வீட்டுக்குப் போன முதல் நாள், ராத்திரி வேலை முடிந்து வந்த கணவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். உப்பு கூடிவிட்டதோ என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்த விரலைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து டப்பாவைச் சீல் அக்கா பக்கம் தள்ளிவிட்டாள். மேசையில் பையைத் தள்ளுகிற அதே கை, அதே தள்ளல். அக்காவும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டாள். ராத்திரியில் காலி டப்பாவைக் கண்டு கணவரின் முகம் மலர்ந்தது. அவர் மலர்ந்தாரே என்று இவளும் விட்டுவிட்டாள்.

கொஞ்ச நாளில் சீல் அக்காவுக்கு ரவிக்கை கை பிடிக்க ஆரம்பித்தது. கர்ப்பம் ஒருத்திக்கு, சதை இன்னொருத்திக்கா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அந்தக் கம்பெனி மண்டபத்தில் சிரிக்கக் கிடைப்பதே அபூர்வம்.

இப்போது ஆஸ்பத்திரியைச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்கிற நீளக் கூடத்தில் எடை மெஷின் வாசல் பக்கம் இருந்தது. எழுதுகிற மேசை எதிர்மூலையில். நடுவில் பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள். மெஷின் பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் எடையைச் சத்தம் போட்டுச் சொல்வாள், மூலையில் இருக்கிறவர் எழுதிக்கொள்வார். மேசையை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டால் தீர்ந்தது. எந்தப் புண்ணியவானுக்கும் அது தோன்றவில்லை. ஆக, யார் ஏறினாள், யார் இறங்கினாள் என்பது கூடத்துக்கே தெரியும். அந்தச் சிஸ்டருக்கு மைக் சிஸ்டர் என்று பெண்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

ஐந்தாம் மாதம் அவளை மெஷினில் ஏற்றிய மைக் சிஸ்டர் எடையைச் சொல்லிவிட்டு, அதே குரலில், "ஏறவே இல்லையேம்மா. வீட்டில உனக்குச் சோறு போடறாங்களா இல்லையா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் அந்த உச்சத்திலேயே நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கென்று கணவர் கூட வந்திருந்தார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் கதவோரம், அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

அவர் முகம் விழுந்துவிட்டது. விடியும் முன் எழுந்து அடுப்பில் நிற்கிற மனுஷர். கூடம் முழுக்க அவரைப் பெண்டாட்டிக்குச் சோறு போடாதவராகப் பார்க்கிறது. நான் காலி பண்ணவில்லை, அக்காதான் சாப்பிட்டாள் என்று அங்கே சொல்ல முடியுமா? மறுநாள் டப்பாவில் முட்டை இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான்.

மைக் சிஸ்டர் அன்று ஒரு நல்ல காரியமும் செய்திருந்தாள். எடை குறைவாக இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சத்துமாவுப் பொட்டலத்தைக் கையில் திணித்து, ஆரம்பத்திலேயே ஒல்லியாக இருக்கிறவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த மாவு அவளுக்கு ஒத்துக்கொண்டது. காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன், குளிர்ந்த பாலில் கரைத்து ஒரு டம்ளர். மணமில்லை, சூடில்லை. உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

ஆனால் ஒரு டம்ளரில் எவ்வளவு ஏறிவிடும்? அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளன்று காலையில், தராசைச் சரிபார்க்க இழுப்பறையைத் திறந்தாள். கை முதலில் பட்டது அரைக்கிலோ கல். தராசில் வைத்துப் பார்த்தாள், சரியாகக் காட்டியது. எடுத்த கல்லை இழுப்பறையில் திரும்ப வைக்காமல் மேலே மாட்டியிருந்த வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள். யோசித்துச் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது. குறைந்த பைக்கு ஒரு கரண்டி போடுகிற கைதானே அது.

அரைநாள் லீவில் கம்பெனியிலிருந்து நேராக வருகிற பெண்கள் வேலைக் கோட்டோடுதான் மெஷினில் ஏறுவார்கள். செருப்பைக் கழற்று, பையைக் கீழே வை, ஏறு என்பதோடு சரி. அதற்குமேல் பார்க்க யாருக்கு நேரம்? மைக் சிஸ்டர் சத்தமாக எடையைச் சொல்லி, "ம், இப்பத்தான் வழிக்கு வந்திருக்கே" என்றாள். கதவோரம் நின்றவர் செருப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஏதோ ஒரு பழைய மெட்டை முனகிக்கொண்டே வந்தார். அவர் முனகி அவள் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்புறம் இறங்க முடியாது, அதுதான் இதில் உள்ள வினை. அடுத்த தடவைக்கு அந்த அரைக்கிலோவோடு இன்னொன்றும் வேண்டும், அதற்கடுத்த தடவை இன்னும் பெரிது. கோட்டின் உட்பக்கம் இரண்டு ஓரத்திலும் பை தைத்துக்கொண்டாள். கற்களை மறுநாள் காலையிலேயே இழுப்பறையில் திரும்ப வைத்துவிடுவாள். கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடக்கும்போது கற்கள் தொடையில் இடித்துக்கொண்டே வரும். ஏற்கெனவே வயிற்றுச் சுமை, கால் கடுப்பு, தூக்கமின்மை. இதில் இரும்பு வேறு. வழியில் ஒரு மதில் ஓரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, என்னத்துக்கடி இதெல்லாம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். பதில் சொல்லவும் அலுப்பாக இருக்கும். திரும்ப நடப்பாள்.

அதைவிடப் பெரிய அடி வேறிடத்திலிருந்து வந்தது. எடைதான் நன்றாக ஏறுகிறதே, சத்துமாவு இனி வேறு யாருக்காவது உதவட்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் தங்கிய ஒரே ஆகாரம் அது. அதையும் அவளே தட்டிவிட்டுக்கொண்டாள். வாய் திறந்து கேட்க முடியாது. கேட்டால் எதற்கு என்பார்கள்.

சீல் அக்காவுக்கு அதன்பிறகு டப்பாச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாள். "உன் கை வளையல் முழங்கை வரைக்கும் போகுதுடி. நான் சாப்பிடறது உன் புள்ளையோட பங்கோன்னு பயமா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு" என்றாள். இவள் அடுத்த பையைத் தராசில் வைத்தபடி, சொல்கிறேன் என்றாள். சொல்லவில்லை.

ஏழாம் மாதம் முடிகிற சமயம் மைக் சிஸ்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கச் சொன்னாள். கோட்டைக் கழற்றிச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தாள். சிஸ்டர் நாடாவை வைத்து வயிற்றை அளந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். திரும்பவும் அளந்தாள். அப்புறம் கணுக்காலில் விரலால் அழுத்திப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். இத்தனை நேரமும் அவள் கத்தவே இல்லை.

"எடை ஏறிட்டே இருக்கு, வயிறு வளரலையே. ஏறினதெல்லாம் எங்க போகுது?" என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டாள். உடம்பில் நீர் கோத்தால் இப்படி ஏறும், ஆனால் வீக்கமும் இல்லை, அழுத்தமும் கூடவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிடக் கிளம்பினாள். தாய்க்கு ஏறியும் குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் குழந்தையிடம்தான் கோளாறு இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துத் தேட வேண்டியிருக்கும், தேவைப்பட்டால் முன்னதாகவே எடுக்க வேண்டியதும் வரலாம் என்றாள்.

குழந்தையிடம் கோளாறு. அந்த வார்த்தை அவளை எழுப்பி உட்கார வைத்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத குழந்தைமேல் பழி விழுகிறது, பழிக்குக் காரணம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். கோட்டை எடுத்து, உள்பையிலிருந்து கற்களை ஒவ்வொன்றாகச் சிஸ்டரின் மேசைமேல் வைத்தாள். சின்னது, நடுத்தரம், பெரிது. கம்பெனியில் வைக்கிற வரிசையிலேயே வைத்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். இதையும் சேத்துத்தான் நீங்க எடை போட்டீங்க."

சிஸ்டர் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"நான் கத்துவேன்னு பயந்தா செஞ்சே?"

"நீங்க கத்தினா பரவாயில்ல. அன்னிக்கு அவரு கதவுகிட்ட நின்னுட்டு இருந்தாரு" என்றாள் இவள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. டப்பா, சோப்பு நாற்றம், அக்கா, மாவு எல்லாம் கலந்து கட்டி வெளியே வந்தன.

திட்டு விழும் என்று காத்திருந்தாள், விழவில்லை. சிஸ்டர் திரையை இழுத்து மூடிவிட்டு, மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, கோட்டில்லாமல் ஏறச் சொன்னாள். முள் எங்கே நின்றதோ அதை யாருக்கும் கேட்காதபடி காதோரம் சொன்னாள். அதன்பிறகு டாக்டர் வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை சின்னதாக இருந்தது. ஆனால் நன்றாக உதைத்தது, இதயம் ஒழுங்காகத் துடித்தது. வளர இன்னும் நேரம் இருக்கிறது, அந்த நேரத்தை வீணாக்காதே என்றார் டாக்டர்.

ரெண்டு பேருக்குச் சாப்பிட வேண்டாம் என்று சிஸ்டர்தான் உட்கார்ந்து விளக்கினாள். வழக்கமாகச் சாப்பிடுகிறவள் கடைசி மாதங்களில் கொஞ்சம் கூடச் சாப்பிட்டாலே போதும். இவள் வழக்கத்தையே விட்டுவிட்டாளே, அதுதான் தப்பு. டப்பா நிறைய ஒரே வேளை வேண்டாம். ஒரு கைப்பிடி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கைப்பிடி, சூடு ஆறினதாக, மணம் தூக்காததாக, தூசி இல்லாத இடத்தில். மாவும் திரும்பக் கிடைத்தது. ஒரே வாரத்தில் ஏற்றிக் காட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால்தான் அது ஏற்றம் என்றாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னது சுலபம். வீட்டில் சொல்வதுதான் மலையாக இருந்தது. கணவர் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்று, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவின டப்பாவையே திரும்பக் கழுவினார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அந்த அக்காவுக்காவது பிடிச்சிருந்துதா?"

அவள் தலையாட்டினாள். முதுகைக் காட்டி நிற்கிறவருக்கு அது தெரியாது என்று உறைத்து, "ரொம்பப் பிடிச்சுதுங்க" என்றாள். சரி என்றார். சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அன்று இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் பெரிய டப்பாவைக் காணோம். காலை இடைவேளைக்கு மணி அடித்தபோது கம்பெனி கேட்டுக்கு வெளியே, மரத்தடியில், அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான். கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் கோட்டைக் கழற்றிக் கேட்டில் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, நாலு துண்டு சாப்பிட்டாள். தங்கியது. அடுத்த இடைவேளைக்கு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும். மத்தியானம் கொஞ்சம் தயிர்ச்சோறு. அப்படியே பணிமனைக்குப் போவார். மண்டபத்துப் பெண்கள் கேலி செய்தார்கள், குஞ்சுக்கு இரை கொண்டுவருகிற காக்கா என்று. காதில் வாங்காத மாதிரி நின்றார். சீல் அக்கா மட்டும் ஒருநாள் கேட் வரை வந்து, உங்கள் பருப்புக்கு ஈடு இல்லை தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது அவர் காது சிவந்துபோனது.

எல்லா நாளும் தங்கியது என்று சொன்னால் பொய். பாதி நாள் கிண்ணம் அப்படியே திரும்பும். திரும்பினால் திரும்பட்டும் என்று, அவர் பார்க்கவே கொடுத்தாள். அவரும் பார்க்கவே வாங்கிக்கொண்டார். எடை மெதுவாகத்தான் ஏறியது. எல்லோரும் சொன்ன அளவுக்கு வரவும் இல்லை. போன மாதங்கள் போனவைதானே, அவற்றை எந்தக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பது? அந்த நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை. இரும்பைக் கீழே வைத்த பிறகும் தொடை வலித்துக்கொண்டே இருந்தது.

நாள் நெருங்கி, வலி கண்டு, பிரசவமும் ஆனது. பெண் குழந்தை. பெற்ற அசதியில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். பிரசவ அறையில் இருந்தது வேறு சிஸ்டர். குழந்தையைத் துடைத்து, தடித்த துண்டில் சுற்றி, மூலையில் இருந்த சின்னத் தராசில் வைத்தாள். அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அங்கேயும் மாறவில்லை. எழுதுகிறவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"ரெண்டரைக் கிலோ. நல்ல எடை."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"துணியோடயா சிஸ்டர், துணி இல்லாமலா?"

பச்சைக் குழந்தைக்குக் குளிருமே என்று துணியோடு போட்டதாகவும், தேவையான ரெண்டரை வந்துவிட்டதால் இனி ஒரு கவலையும் இல்லை என்றும், பேசாமல் படுக்கும்படியும் சிஸ்டர் சொன்னாள். இவள் கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. படுத்தபடியே கேட்டாள்.

"துணியை எடுத்துட்டு ஒருதரம் போடுங்க."

இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்று சிஸ்டர் துண்டைப் பிரித்துத் தனியே வைத்துவிட்டுத் திரும்ப எடை போட்டாள். குழந்தை வீறிட்டது. முள் இறங்கியது. இந்தத் தடவை சிஸ்டர் சத்தமாகச் சொல்லவில்லை. கிட்ட வந்து, பாவம் என்று நினைத்திருப்பாள், "ரெண்டேகால்தான் இருக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவள் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"வெளியில அவரு நிக்கறாரு. அதையே அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றாள்.